விறகு சுமந்த மாணவி: கோலசிலாங்கூர்த் தோட்டப் பள்ளிக்கு ஒரு காலைப் பயணம்

1. புஞ்சாக் ஆலாமிலிருந்து சென்ற விதம்.
2. மாணவர் கேள்வி கேட்ட பிறகே பாடம் தொடங்கலாம் என்ற என் யோசனை.
3. மாணவர் ஆசிரியருக்குத் தினமும் அரைமணி ஊழியம் செய்யலாம் என்ற என் யோசனை.
4. போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்.

நான் ஓய்வுபெற்ற விரிவுரையாளன். உபநிடதங்களைப் படித்து, இந்த இரண்டு யோசனைகளையும் பள்ளிகளுக்காக எழுதியிருந்தேன். ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியின் தலைமையாசிரியை அவற்றை வரும் தவணையிலேயே தொடங்க விரும்பினார். ஆசிரியர்களிடம் விளக்கிப் பேச, கடந்த சனிக்கிழமைக்கு என்னை அழைத்தார். நாலு பேர் முன் நின்றால் எனக்கு இன்றும் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

காலை 7.40க்கு, புஞ்சாக் ஆலாமில் என் வீட்டிலிருந்து, கைப்பேசிச் செயலியில் அழைத்த வாடகைக் கார். 32 கிலோமீட்டர், 45 நிமிடம், 40 வெள்ளி (ரிங்கிட்). ஓட்டுநர் லெட்சுமிக்கு ஐம்பதுக்கு மேல் இருக்கும். அதே வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் வளர்ந்தவர். பேச எழுதிய தாளை நான் முணுமுணுத்துப் படிப்பதைக் கேட்டுச் சிரித்தார்.

"எங்கிட்ட ஒரு தடவ பேசிப் பாருங்க சார். கைதான் தட்ட முடியாது, ஸ்டேரிங்க விட்டா வண்டி சாக்கடைலதான்லா."

படித்தேன். முதல் யோசனை அவருக்குப் பிடித்திருந்தது. "எங்க காலத்துல கேள்வி கேட்டா ரோத்தான் பிரம்படிதான்." அடுத்து, உபநிடத கால மாணவன் கையில் விறகோடு குருவிடம் போனான் என்று படித்ததும் அவர் சிரிப்பு நின்றது.

"நானும் போனேன் சார். வாத்தியாரு வீட்டுக்கு விறகு, தண்ணி தூக்கிட்டு. அந்நேரம் தோட்டத்து ஆபீஸ் கிராணி மவ வகுப்புல உக்காந்திருப்பா. இன்னிக்கும் எனக்கு ஏழாம் வாய்ப்பாடு வராது."

"இது அந்த மாதிரி இல்லம்மா. பிள்ளைங்களுக்குப் பணிவு வரணும்னுதான்."

"எந்தப் பிள்ளை செய்யணும்னு எழுதியிருக்கீங்களா?"

தாளைப் புரட்டினேன். எழுதவில்லை.

பள்ளியில் தலைமையாசிரியை ஆவலோடு ஒரு பட்டியலை நீட்டினார். ஆசிரியர் அறையைக் கூட்ட எட்டு மாணவர்கள்.

"படிப்புல கொஞ்சம் மெதுவான பிள்ளைங்க ஐயா. இதுலயாவது நல்ல பேரு வாங்கட்டும்."

அவர் மனத்தில் கெடுதல் இல்லை. யார் செய்வது என்ற இடத்தை வெற்றாக விட்டவன் நான். பதினான்கு ஆசிரியர்கள் முன் எழுந்து, ஊழிய யோசனையைத் திரும்பப் பெற்றேன். லெட்சுமி கேட்டதையும் அவர் பெயர் சொல்லியே கூறினேன். தலைமையாசிரியை பட்டியலைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "அப்ப அந்த அரைமணி, இந்த எட்டுப் பேரையும் நானே வாசிக்க வைக்கிறேன்," என்றார்.

வெளியே காத்திருந்த லெட்சுமிக்கு நன்றி சொன்னேன். "அஞ்சு ஸ்டார் குடுங்க சார், போதும்."

போகிறவர்களுக்கு: தோட்டத்திலிருந்து திரும்பக் கார் எளிதில் கிடைக்காது, வந்த வண்டியையே காத்திருக்கச் சொல்லுங்கள். மாலையில் அருகிலுள்ள கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்கப் போகும் வண்டிகள் பெருகும், மதியத்துக்குள் கிளம்பிவிடுங்கள்.

உபநிடத மாணவன் தானாக விறகெடுத்துப் போனான். நான் பிள்ளைகளை அனுப்பப் பார்த்தேன். தொடக்கத்தில் 3 என்று எண்ணிட்ட யோசனை தவறு.