பேருந்தில் சொல்லாத ஒரு வார்த்தை

நான் நீதிமன்றத்தில் பொய் சொன்னேன். என் கையை ஒடித்தவர் என் கணவர். படியில் வழுக்கி விழுந்தேன் என்று கூண்டில் நின்று சொன்னேன்.

அதற்காக நீங்கள் என்னை மன்னித்துவிடுவீர்கள். பாவம், அவள் என்ன செய்வாள் என்பீர்கள். அவசரப்படாதீர்கள்... நான் ஒப்புக்கொள்ள வந்தது அதை மட்டுமல்ல.

தளவாய்புரத்தில் எங்கள் வீட்டுக்கும் ஜெயராணி வீட்டுக்கும் ஒரே சுவர். அவள் நைட்டி தைப்பவள். விடிந்தது முதல் அவளுடைய தையல் மெஷினின் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். நான் அலறினால் அது நின்றுவிடும். அடுத்த நொடி எங்கள் கதவைத் தட்டுவாள்.

கை ஒடிந்த அன்று, என் கணவரிடமிருந்து கட்டையைப் பிடுங்கி எறிந்தவள் அவள்தான். என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும், போலீசில் பார்த்ததைச் சொன்னதும் அவளே.

வழக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றத்துக்கு வந்தது. அடி வாங்கியவளும் நான், அதை ஊரறியச் சொல்ல வேண்டியவளும் நானா! எலும்பின் எக்ஸ்ரே இருந்தது. டாக்டரின் சான்று இருந்தது. ஜெயராணி இருந்தாள். நான் வாய் திறந்தால்தான் அது நடந்ததாகுமா? இன்றும் எனக்கு விடை தெரியவில்லை. யோசிக்கவும் அலுப்பாக இருக்கிறது...

விசாரணைக்கு நான்கு நாள் முன்பு கணவர் வீட்டார் என்னை அய்யனார் கோவிலுக்கு அழைத்துப்போனார்கள். இனித் தொடமாட்டேன் என்று என் கணவர் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தார்.

"சாமி முன்னால சூடம் அணைச்சுட்டான். இதுக்கு மேல ஒனக்கு என்ன வேணும்? அவன உள்ள தள்ளிட்டு, பிள்ளைய வச்சிக்கிட்டு எங்க போவ?" என்றார் மாமியார்.

கணவரின் சத்தியத்தை நம்பினேன். கூண்டில் நான் செய்யப்போகும் சத்தியத்தைப் பொய்யாக்கத் துணிந்தேன்.

விசாரணையன்று ராஜபாளையத்தில் பஸ் மாறி, நானும் ஜெயராணியும் ஒரே இருக்கையில் போனோம். என் கை தேறவில்லை என்று என் பையையும் அவளே மடியில் வைத்துக்கொண்டாள்.

"பயப்படாதக்கா. நடந்தத நடந்தபடி சொல்லு. பொறவு நான் இருக்கேம்லா."

அப்போது சொல்லியிருக்கலாம்! சொன்னால் தடுத்துவிடுவாளோ என்ற பயம்... வெட்கம் வேறு. ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே வந்தேன்.

நான் பொய் சொன்னபோது அவள் வெளியே வராந்தாவில் காத்திருந்தாள். எதுவும் அவள் காதில் விழவில்லை. நான் பிறழ்சாட்சி ஆனேன். அடுத்து அவளை அழைத்தார்கள். கண்டதைக் கண்டபடி சொன்னாள்.

"அடிபட்டவங்களே வழுக்கி விழுந்தேன்னு சொல்லிட்டாங்க. ஒரு குடும்பத்தக் கெடுக்க உங்களுக்கு ஏம்மா இவ்வளவு ஆசை?" என்று கேட்டார் என் கணவரின் வக்கீல்.

அவள் திரும்பி என்னைத் தேடினாள். நான் குனிந்து என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்ததும் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ஏங்க்கா... பஸ்ல வரும்போதாவது ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா?"

வேறு பஸ்ஸில் ஊர் திரும்பினாள்.

என் கணவர் விடுதலையானார். தெருவில் அவளுக்குப் பொய்ச்சாட்சிக்காரி என்று பெயர். எனக்கோ குடும்பத்தைக் காப்பாற்றியவள் என்ற பெயர்! ஒருநாளும் நான் அதை மறுத்துப் பேசவில்லை. இதுதான் என் குற்றம். அடி வாங்கியவளுக்குப் பொய் சொல்ல உரிமை உண்டென்றே வைத்துக்கொள்ளுங்கள்... அவளைப் பொய்யாக்க எனக்கு யார் உரிமை தந்தார்கள்?

சூடத்தின் சத்தியம் நான்கு மாதம் தாங்கியது.

நேற்றுக் காலை நான் அலறினேன். சுவருக்கு அந்தப் பக்கம் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது... அது நிற்கவில்லை.