கல் இன்னும் காயவில்லை

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு காலேஜ் ஹாஸ்டல் மெஸ்ஸில் அம்மா தோசை போடுகிறாள். போட்டுக்கொண்டிருந்தாள் என்று எழுத வேண்டும். எனக்கு இன்னும் பழகவில்லை.

நான் ஹோட்டல், கேன்டீன் அடுப்புகளை ரிப்பேர் செய்கிறவன். இன்ஸ்ட்ருமென்டேஷன் டிப்ளமோ. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அதனால் பெரும்பாக்கத்தில் எங்கள் பிளாக்கில் எந்த வீட்டு மிக்ஸி நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அம்மாவுக்கு அதில் அப்படி ஒரு பெருமை.

அம்மா அந்த மெஸ்ஸில் பாத்திரம் தேய்க்கத்தான் சேர்ந்தாள். தோசை போடுகிறவர் ஒருநாள் வரவில்லை. அன்றைக்குக் கரண்டியைப் பிடித்தவள் அப்புறம் விடவே இல்லை. "தோசை அக்கா, எனக்கு முறுவலா!" என்று வரிசையிலிருந்து பெண்கள் குரல் கொடுப்பார்களாம். வீட்டுக்கு வந்து அதை அப்படியே நடித்துக் காட்டுவாள். அதற்கு முன்னால் வேலை செய்த இடங்களில் எல்லாம் அவளுக்கு "இந்தாம்மா" என்றுதான் பெயர்.

போன மழைக்காலத்தில் மெஸ் மாஸ்டர் எனக்கு போன் செய்தார். "தம்பி, தோசை ப்ளேட்டு செம பேஜார் பண்ணுது. சூடே ஏறலன்னு காட்டுது, ஆனா தோசை கருகுது. பேய் புட்ச்சிகினு கீதான்னு வந்து பாரு."

அந்த ப்ளேட் ஆள் படுக்கலாம் போல நீளமான இரும்புக் கல். அடியில் காஸ் பர்னர், பக்கத்தில் டிகிரி காட்டும் பெட்டி. கல்லின் சூட்டைப் பெட்டிக்குச் சொல்வது தெர்மோகப்பிள். பெயர்தான் பெரிது, சமாச்சாரம் சின்னது. வேறு வேறு உலோகத்தில் இரண்டு கம்பிகள். ஒரு முனையில் இரண்டையும் சேர்த்துப் பற்றவைத்திருப்பார்கள். அந்த முனை சூடாகி, மறுபக்கம் குளிர்ச்சியாக இருந்தால் கம்பியில் துளியூண்டு மின்சாரம் பிறக்கும். ஒரு பல்பைக்கூட எரிக்காது. அதை அளந்துதான் பெட்டி எண்ணைக் காட்டுகிறது. சூடு போதும் என்றால் காஸை அடைக்கும், போதாது என்றால் திறந்துவிடும். முனை எந்த இடத்தில் இருக்கிறதோ அந்த இடத்துச் சூடு மட்டும்தான் அதற்குத் தெரியும். அரை அடி தள்ளி நெருப்பே பிடித்தாலும் தெரியாது.

நான் போனபோது கல்லிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. பெட்டி மட்டும் நூறைக்கூடத் தாண்டாமல் சாதுவாக நின்றது. குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். கல்லின் அடியில் முனையைச் செருகி வைக்கிற சின்னக் குழாய் காலியாக இருந்தது. யாரோ தேய்த்துக் கழுவும்போது இழுபட்டு, தெர்மோகப்பிள் வெளியே வந்து ஓரமாகக் காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. கல் காயவில்லை என்று நினைத்துப் பெட்டி காஸை விட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

முனையைக் குழாய்க்குள் தள்ளி நட்டை முறுக்கினேன். எண் சரசரவென்று ஏறியது. காஸ் தானாக அடைத்துக்கொண்டது.

"அவ்ளோதானா?" என்றார் மாஸ்டர். "தோ பாரு தம்பி, நான் மீட்டர மட்டும் நம்பிகினு இல்ல. உங்கம்மா கைய வெச்சி பாத்துட்டு, 'கல்லு இன்னும் காயல மாஸ்டர்'னாங்கோ. மீட்டரும் அக்காவும் ஒண்ணா சொன்னா நான் இன்னா பண்ணுவேன்?"

காய் வெட்டிக்கொண்டிருந்த அக்கா ஒருத்தி, "அக்கா கை இரும்புல செஞ்சது மாஸ்டர், அதான் சூடு தெரியல" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

டூல் பையைக் கட்டும்போதுதான் உறைத்தது. மீட்டர் ஏன் தப்பாகச் சொன்னது என்று எனக்குத் தெரியும். அம்மா ஏன் அப்படிச் சொன்னாள்? நிமிர்ந்து பார்த்தேன். அம்மா இடது கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தாள்.

பஸ் ஸ்டாப்பில்தான் கையைக் காட்டினாள். விரல்களுக்குக் கீழே கொப்புளம் உடைந்து தோல் உரிந்திருந்தது. மேலே பேஸ்ட்டைத் தடவி வைத்திருந்தாள்.

"வலிக்கலையாம்மா?"

"அதான்டா, வலியே இல்ல" என்றாள், ஏதோ நல்ல சேதி சொல்வதுபோல.

கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக வந்தது. ஒருநாள் ஒரு செருப்பு கழன்று விழுந்தது தெரியாமலே வீடு வரைக்கும் நடந்து வந்திருக்கிறாள். பஸ்ஸில் எவனோ திருடிவிட்டான் என்று என்னிடம் திட்டினாளே, அந்தச் செருப்புதான். சர்க்கரைக்கு மாத்திரை போட்டுக்கொண்டிருந்தாள். சர்க்கரை கை கால் உணர்ச்சியையும் கொண்டுபோகும் என்று எனக்கும் தெரியாது.

பெரியாஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்திருந்தபோது அம்மா என் காதருகே வந்தாள். "இன்னா கேப்பாங்கோ? இப்பவே சொல்லி வெய்யி." மெஸ்ஸில் வருஷா வருஷம் டாக்டரிடம் ஃபிட்னஸ் சர்ட்டிஃபிகேட் கேட்பார்கள். இங்கே தேறவில்லை என்றால் நேராக மாஸ்டருக்குப் போய்விடும், தோசைக் கல் போய்விடும் என்று நினைத்திருந்தாள். இது பரீட்சை இல்லை என்று சொன்னேன். அவள் நம்பவில்லை.

டாக்டர் சின்னப் பெண்தான். ஒரு கண்ணாடிக் குழாயில் சுடுதண்ணீர், இன்னொன்றில் ஐஸ் தண்ணீர். மாற்றி மாற்றி அம்மாவின் விரல் நுனியிலும் பாதத்திலும் தொட்டார். "சூடா, ஜில்லா?"

"ஜில்லு. சூடு. சூடு. ஜில்லு." அம்மா கணக்காகச் சொன்னாள். எனக்கு உயிர் வந்தது.

டாக்டர் நிறுத்திவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அப்போதுதான் நானும் கவனித்தேன். ஐஸ் தண்ணீர்க் குழாயின் வெளியே நீர் பூத்திருந்தது. அம்மா அதைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, கண்ண மூடிக்கோங்க."

"கண்ண மூடிகினா எப்டி டாக்டர் சொல்றது?"

டாக்டர் சிரிக்கவில்லை. மூடச் சொன்னார். மூடினாள். அதன்பிறகு ஒவ்வொரு பதிலுக்கும் நேரமானது. குரல் சிறுத்துக்கொண்டே போனது. சூட்டை ஜில் என்றாள். ஜில்லைச் சூடு என்றாள். கடைசியில் டாக்டர் இரண்டு குழாய்களையும் ஸ்டாண்டில் வைத்துவிட்டார். வெறும் கையோடு, "இப்போ?" என்று கேட்டார்.

அம்மா நெற்றியைச் சுருக்கி யோசித்தாள்.

"சூடு" என்றாள். "லேசா."

நரம்பு பாதிச்சிருக்கு என்றார் டாக்டர். எனக்குத் தெரிந்த மாதிரிதானே கேட்க முடியும்? "நடுவுல கட் ஆயிருக்கா மேடம், இல்ல முனையிலயா?" அவர் என்னைக் கொஞ்சம் பாவமாகப் பார்த்தார். "முனையிலேர்ந்துதான் ஆரம்பிக்கும். அப்புறம் மேல வரும். போனத திரும்பக் கொண்டாரது கஷ்டம். இதுக்கு மேல போகாம பாத்துக்கலாம். நெருப்புகிட்டயும் கத்திகிட்டயும் விடாதீங்க."

வெளியே மரத்தடியில் அம்மாவுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். கிளாஸை நானே கொஞ்ச நேரம் பிடித்திருந்து, ஆறியபிறகு கொடுத்தேன்.

"எத்தன சரியா சொன்னேன்?"

"பாதிக்கு மேலம்மா."

"சும்மா சொல்லாத. கண்ண தொறந்தப்ப உன் மூஞ்சப் பாத்தேன்." டீயைக் குடித்து முடித்தாள். "மாஸ்டராண்ட நீயே சொல்லிடு. கைன்னு மட்டும் சொல்லாத. முட்டி வலி, நிக்க முடியலன்னு சொல்லு."

"ஏம்மா? உண்மையச் சொன்னா இன்னா?"

"முட்டி எல்லாருக்குந்தான் போவுது. கை போச்சின்னா அப்பால சமையக்கட்டுல நான் எதுக்கு?"

நான் முட்டி வலி என்றே சொன்னேன். "இதுக்கா மூஞ்ச தொங்கப் போட்டுகினு வந்த? உக்காந்து பூண்டு உரிக்கச் சொல்லு" என்றார் மாஸ்டர். தோசைக் கல்லுக்கு பம்மலிலிருந்து ஒரு அக்கா வந்துவிட்டாள். அவளையும் பெண்கள் தோசை அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். அம்மா அதை வீட்டில் நடித்துக் காட்டுவதில்லை.

போன வாரம் அங்கே ஒரு ஃப்ரையர் வேலைக்குப் போயிருந்தேன். பின்கட்டில் பூண்டு மலைபோலக் குவிந்திருக்க, சுற்றிப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவ்வளவு பூண்டு உரித்தால் விரல் காந்தும். "எம்மா, இன்னா எரிச்சல் எரியுது" என்று ஒருத்தி தண்ணீர்க் குண்டானில் கையை விட்டாள். இன்னொருத்தியும் விட்டாள். அம்மா இரண்டு பேரையும் பார்த்தாள். பிறகு தன் விரல்களையும் தண்ணீரில் விட்டு, "ஆமாண்டி, தாங்கல" என்றாள்.