ஒரு டீ குடிக்கிற நேரம்

போன தை மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்தது இது. என் மனைவியிடம்கூட இன்னும் சொல்லவில்லை.

எனக்கு ராஜபாளையம். மின்சாரக் கார் வாங்கிய புதிது. கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் அதன் பெருமையை அளந்துகொண்டிருந்தேன். வ. புதுப்பட்டியில் பால் வியாபாரம் செய்யும் அத்தான், அதாவது என் அக்காவின் கணவர், அவரும் மின்சார வேன் வாங்கலாமா என்ற யோசனையில் இருந்தார். அவர் கேட்டது ஒரே கேள்விதான்.

"ஏத்துறதுக்கு எம்புட்டு நேரம் ஆகும் மாப்ளே? பாலு காத்துக் கெடக்காது."

"ஒரு டீ குடிக்கிற நேரம் அத்தான்" என்று வாய் கூசாமல் சொன்னேன்.

அக்கா மகளுக்குக் காதுகுத்து வந்தது. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும், அந்த மாமன் நான். ராகுகாலம் பிறப்பதற்குள் குத்திவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். முந்தின நாள் பூராவும் சொந்தக்காரர்களை ஏற்றிக்கொண்டு அய்யனார் கோவிலுக்கும் ஊருக்கும் அலைந்ததில் சார்ஜ் தரைதட்டிவிட்டது. ராத்திரி வீட்டிலேயே போட்டிருக்கலாம். வழியில் வேகமாக ஏற்றும் இடம் இருக்கும்போது எதற்கு என்ற மிதப்பு எனக்கு.

காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் நிறுத்தி வயரைச் சொருகினேன். மளமளவென்று ஏறியது. பாதியில் இன்னொரு கார் வந்து அதே மெஷினின் மற்ற வயரைச் சொருகியதும் வேகம் பாதியாகக் குறைந்தது. இரண்டு வண்டி நின்றால் கரண்டைப் பங்குபோட்டுக் கொடுக்கிற மெஷின் அது. வந்தவர் வயதானவர், வெள்ளை வேட்டி, கையில் சின்னத் தோல்பை.

"செத்த நேரம் வண்டியப் பாத்துக்கிடுங்க தம்பி. ஒரு டீ குடிச்சிட்டு வந்துருதேன்" என்று சொல்லிவிட்டு எதிர்க்கடைக்குப் போனார்.

அக்கா போன் மேல் போன் போட்டாள். அப்போது ஏறியிருந்த சார்ஜிலேயே புதுப்பட்டி போய்ச் சேர்ந்திருப்பேன், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் விசேஷம் முடிந்ததும் அத்தானை ஏற்றி மலையடிவாரம் வரைக்கும் ஓட்டிக் காட்ட வேண்டுமே. மெஷின் திரையில் அவர் வண்டிக்கு நேராக நிறுத்துகிற பொத்தான் இருந்தது. கடைப்பக்கம் பார்த்தேன். அவர் முதுகு தெரிந்தது. தொட்டுவிட்டேன். என் வண்டிக்கு வேகம் திரும்பிவிட்டது. வேண்டிய மட்டும் ஏற்றிக்கொண்டு, அவர் திரும்பி வருமுன் கிளம்பிவிட்டேன்.

நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். மனையில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் வாங்கினேன். எல்லாம் தயார், காது குத்துகிற ஆசாரியைத்தான் காணோம். நல்ல நேரம் கண்முன்னே கழிந்தது. அதற்குப் பிறகுதான் ஆசாரி மூச்சு வாங்க வந்து நின்றார். அதே வெள்ளை வேட்டி, அதே தோல்பை.

அத்தானின் அப்பா சபை நடுவில் வைத்து அவரை வாங்கு வாங்கென்று வாங்கினார். ஆசாரி தலைகுனிந்து நின்றார்.

"நான் ஒருநாளும் பிந்துனதில்லய்யா. டீ குடிக்கப் போறப்ப வண்டி ஏறிக்கிட்டுதான் இருந்துச்சு. வந்து பாத்தா நின்னு கெடக்கு. மறுபடியும் போட்டு ஏத்திட்டு வாரேன்" என்றவர் என்னைப் பார்த்துவிட்டார். "இந்தத் தம்பியும் அங்கதான நின்னாரு. கரண்டு போயிருச்சோ தம்பி?"

எல்லாருடைய கண்ணும் என் மேல். "போச்சு போல" என்றேன்.

"இதான் நீ சொன்ன டீ குடிக்கிற நேரமா மாப்ளே" என்று அத்தான் சிரித்தார். அவர் அப்பா, இந்தக் கரண்டு வண்டியே வீட்டுப் பக்கம் வரக் கூடாது என்று அங்கேயே சொல்லிவிட்டார். ராகுகாலம் கழியும்வரை அத்தனை பேரும் பசியோடு காத்துக் கிடந்தார்கள். பிள்ளை அழுது அழுது ஓய்ந்தது. கடைசியில் ஆசாரி என் எதிரே குனிந்து உட்கார்ந்து, மெதுவாகச் சொன்னார்: "பிள்ளைய அசையாமப் புடிங்க தம்பி. செத்த நேரந்தான்."

அத்தான் டீசல் வேன்தான் வாங்கினார். வண்டி மேல் ஒரு குற்றமும் இல்லை என்று எனக்குத் தெரியும். சொன்னால் குற்றம் யார் மேல் என்றும் சொல்ல வேண்டுமே.

போன மாதம் அதே மெஷினில் என் பக்கத்தில் அவர் வண்டி வந்து நின்றது. என்ன பேசுவதென்று தெரியாமல், "வாங்களேன், ஒரு டீ குடிப்போம்" என்றேன்.

"நீங்க போயிட்டு வாங்க தம்பி. உங்க வண்டிய நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

அவர் முகத்தில் கோபமும் இல்லை, கேலியும் இல்லை. கடையில் டீயை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு எதிரே பார்த்தேன். இரண்டு வண்டிக்கும் நடுவில் அவர் நின்றுகொண்டிருந்தார். திரும்பி வந்தபோது என் வண்டி ஏறிக்கொண்டுதான் இருந்தது. அவருக்கு எல்லாம் தெரியுமா, ஒன்றும் தெரியாதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வாங்கிய டீயை மட்டும் குடிக்காமல் கடையிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன்.