ரிங்லெட் சுவரில் நூறு பிறைச் சூரியன்கள்

1988 மார்ச் 17, பிற்பகல் மூன்று மணிக்கு மலேசியாவின் தாப்பாவில் பஸ் ஏறினேன். ரிங்லெட்டுக்கு நாற்பத்தாறு கிலோமீட்டர். கட்டணம் இரண்டு வெள்ளி அறுபது காசு. மடியில் என் தொலைநோக்கி. அதன் நான்கு அங்குலக் குழியாடியை ஈப்போவில் ஆசிரியை வேலை நேரம் போக எட்டு மாதம் நானே தேய்த்துச் செய்திருந்தேன். மறுநாள் காலைச் சூரிய கிரகணத்தை அதில் பார்க்க ஆசை.

“என்னக்கா அது, பீரங்கியா?” என்றார் டிரைவர்.

“சூரியனப் பாக்கிற குழாய்ண்ணே.”

“அப்ப வளைவுல மெதுவா போறேன்லா.”

சொன்னாரே தவிர, போகவில்லை. ஒரு வளைவில் குழாய் நழுவிக் கம்பியில் மோதியது.

மாலை ஐந்து மணி. ரிங்லெட் தேயிலைத் தோட்டத்து லைனில், தொழிலாளர் வீட்டு வரிசையில், என் அக்கா ராஜத்தின் வீட்டில் பிரித்துப் பார்த்தேன். ஆடி உடையவில்லை, சாய்ந்திருந்தது. பின்பக்கத் திருகைத் திருகுவதும், முன்பக்கம் ஓடிப் பார்ப்பதுமாக இருட்டும்வரை அலைந்தேன். எதிர்மலை மரம் கலங்கலாகவே தெரிந்தது.

மார்ச் 18, காலை எட்டரை. பனி விலகியபோது சூரியனில் பாதி போயிருந்தது. குழாயில் கண்ணை வைத்தால் பார்வை போய்விடும். பிம்பத்தை வெள்ளை அட்டையில்தான் விழச் செய்ய வேண்டும். விழுந்ததோ வெறும் தீற்றல். கிரகணத்துக்குப் பயந்து லைனில் எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. அழுகையே வந்தது.

அப்போது பக்கத்து வீட்டு அஞ்சலை, கிரகண வெயில் மேலே படாமலிருக்கக் கொழுந்துக் கூடையைத் தலைக்கு மேல் கவிழ்த்துப் பிடித்தபடி, காயப்போட்ட துணியை எடுக்க ஓடிவந்தார்.

“அசையாதீங்க!” என்று கத்தினேன்.

“ஐயோ, பாம்பா டீச்சர்?”

“சுவரப் பாருங்க!”

கூடையின் பிரம்பு இடுக்கு ஒவ்வொன்றும் சுண்ணாம்புச் சுவரில் ஒரு சின்னப் பிறைச் சூரியனை வரைந்திருந்தது. அஞ்சலை கூடையை ஆட்டினார். நூறு பிறைகளும் ஆடின.

“ஏய் ராஜம், கதவத் தொற! சூரியன் நம்ம சொவத்துல வந்துட்டான்லா!”

கதவுகள் திறந்தன. கூடைகள் வந்தன, சல்லடை வந்தது. சுவர் முழுக்கப் பிறை, முற்றம் முழுக்கச் சிரிப்பு.

“ஒங்க கொழாய் என்னா செய்யுது டீச்சர்?” என்றார் அஞ்சலை.

“திருக ஒரு ஆள், பாக்க ஒரு ஆள் வேணும்.”

“நான் திருகுறேன், நீங்க சொல்லுங்க.”

கொழுந்து கிள்ளும் விரல்கள் மயிரிழை மயிரிழையாகத் திருகின. “இன்னும்... இன்னும்... போதும்!” அட்டையில் தட்டளவு பிறை, கத்தி முனைபோல் கூர்மையாக நின்றது. அஞ்சலை கைகொட்டித் துள்ளினார், நானும் துள்ளினேன்.

மதியம் ஒரு மணி பஸ். ஈப்போவில் அந்தத் தொலைநோக்கியை யாரையும் தொடவிட்டதில்லை நான். இப்போது குழாயெங்கும் தேயிலைக் கறை படிந்த விரல் தடங்கள். கைக்குட்டையை எடுத்தேன், பிறகு மடித்து வைத்துவிட்டேன்.