மூன்றாவது டம்ளர்

ஒரகடம் கம்பெனியின் மீட்டிங் அறையில் இஞ்சி டீ மணந்ததும் அம்மாவின் படப்பை டீக்கடை நினைவுக்கு வந்தது.

அங்கே ஒருநாள் லேத் பட்டறைக் கூட்டாளிகள் இருவர் அம்மாவிடம் பஞ்சாயத்துக்கு வந்தார்கள். மூன்றாமவர் இறந்திருந்தார்.

"சாவறதுக்கு முன்னாடி அவன் பங்க எனக்குத்தான் குட்த்தான்க்கா."

"பொய்க்கா, எனக்குத்தான்."

அம்மா காலி ஸ்டூலின் முன் மூன்றாவது டீயை வைத்தார். "அவன் மூஞ்சப் பாத்து சொல்லுங்க."

இருவரும் தாங்கள் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். பங்கு இறந்தவரின் மனைவிக்கே போனது. யாரும் தொடாத அந்த டம்ளரை நான் கழுவ எடுத்தபோது அது காலியாக இருந்தது.

பள்ளிக்கூடமே போகாத அம்மாவின் மகள் நான். இன்று சப்ளையர் தகராறுகளைத் தீர்க்கக் கம்பெனி என்னைத்தான் அழைக்கிறது. எதிரே இருவர், செத்துப்போன கூட்டாளி சொன்னதாக ஆளுக்கொரு கதை சொன்னார்கள். காலி நாற்காலியின் முன் ஒரு டீ வைத்தேன்.

அதை யாரும் தொடவில்லை. டம்ளரில் டீ மெல்லக் குறைந்துகொண்டிருந்தது.