விளம்பரத்தில் வந்த நீல மெத்தைகள்

கிர்கிஸ்தானின் ஓஷ் நகரத்தில் மெத்தை தைப்பவர்களுக்குப் பஞ்சமில்லை. பஜாருக்குப் பின்னாலிருக்கும் தெருக்களில் கல்லை விட்டெறிந்தால் ஏதாவது ஒரு தையல்காரியின் வாசலில்தான் விழும். அத்தனை பேருக்கு நடுவே சுலைகான் பேர் எடுத்தது பாதி ஊசியால், மீதி ஃபோனால்.

பக்கத்து ஊரான உஸ்கெனிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள் அவள். கணவன் தொக்தோசுன் ரஷ்யாவில் கட்டட வேலை பார்த்து அனுப்பிய காசில் கம்பளி அடிக்கும் மெஷின் ஒன்றை வாங்கிக் கொட்டகையில் போட்டாள். கட்டிதட்டி மஞ்சளடித்துப்போன பழைய ஆட்டு ரோமத்தை ஒரு பக்கம் திணித்தால் மறுபக்கம் பூப்போல வந்து விழும். தொக்தோசுன் திரும்பி வந்து டாக்சி ஓட்டத் தொடங்கினான். இவள் இன்ஸ்டாவில் கடை விரித்தாள். முதல் வருஷம் அவளுடைய படங்களுக்கு லைக் போட்டது அவள் தங்கைகளும், யாரென்றே தெரியாத ஒரு துருக்கிக்காரனும்தான். "உன் மெத்தையில படுக்க அவன் விமானம் ஏறி வருவானா?" என்று தொக்தோசுன் சாப்பிடும்போதெல்லாம் கேட்பான்.

காசு கட்டினால் படத்தை முன்னே தள்ளிவிடலாம் என்பதை ஒரு வகுப்பில் சேர்ந்து கற்றுக்கொண்டாள். எந்த ஊர், ஆணா பெண்ணா, என்ன வயசு என்று தேர்ந்தெடுத்து ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். நம்மைத் தேடாதவர்கள் கண்ணிலும் நம் சரக்கு போய் விழும். முதல் தடவை கட்டிய காசு ஒரே வாரத்தில் திரும்பி வந்தது. அதிலிருந்து அவளுக்குக் கை அரித்துக்கொண்டே இருந்தது.

புருல்சா அவளைத் தேடி வந்தது அந்தச் சமயத்தில்தான். பஜாரில் ரொட்டி விற்பவள், கணவனை இழந்தவள். இருவரும் ஒரே தெருவில் குழந்தை வளர்த்தவர்கள். மகள் சைகாலுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண்ணை மெத்தை இல்லாமல் அனுப்ப முடியுமா? சீர் வந்து இறங்கும் நாளில் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஒவ்வொன்றாக விரிப்பார்கள், தடவுவார்கள், தூக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார்கள். அப்புறம் பெட்டிமேல் சுவரோரம் அடுக்கிவிடுவார்கள். வருகிறவர் போகிறவர் எல்லோரும் அந்த அடுக்கைப் பார்த்துத்தான் மருமகளை எடைபோடுவார்கள்.

புதுக் கம்பளி வாங்கப் புருல்சாவுக்கு வக்கில்லை. தன் கல்யாணத்துக்கு வந்த மெத்தைகளையே பிரித்து மூட்டை கட்டி எடுத்து வந்திருந்தாள்.

"மேல மட்டும் நல்ல வெல்வெட்டா போட்டுடு சுலைகான். உள்ள இருக்கறது உனக்கும் எனக்கும்தான் தெரியணும்" என்றாள்.

சுலைகான் உயிரைக் கொடுத்துத் தைத்தாள், அதில் குறை சொல்ல முடியாது. கருநீல வெல்வெட்; நடுவில் வண்ணத்துணிகளை ஒட்டுப்போட்டு மாதுளம்பழ வேலைப்பாடு. அது புருல்சாவே வரைந்து கொடுத்தது. ஊரில் வேறு எவளிடமும் கிடையாது. வேலை நடக்கும்போது வழக்கம்போல் கொஞ்சம் படமும் எடுத்து வைத்தாள்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. சம்பந்தியம்மா தமாரா மெத்தைகளைத் தடவிப் பார்த்துவிட்டு, கை வைத்தால் முழங்கை வரைக்கும் உள்ளே போகிறதே என்று மெச்சினாளாம். புருல்சா அதைத் தெருவெல்லாம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தாள்.

அதற்குப் பிறகுதான் சுலைகான் அந்த வீடியோவைச் செய்தாள். முதலில் மூட்டையிலிருந்து கொட்டும் அழுக்கு ரோமம், அப்புறம் மெஷின், கடைசியில் அடுக்கி வைத்த மெத்தைகள். "பழைய கம்பளியா? புதுசு மாதிரி மாற்றித் தருகிறோம், யாராலும் கண்டுபிடிக்க முடியாது" என்று எழுதினாள். கடைசிக் காட்சிக்கு அவளுடைய சொந்த வீட்டுப் பழுப்பு மெத்தைகளின் படமும் இருந்தது. ஆனால் நீலம்தான் விரலை நிறுத்தும், பழுப்பை எவள் நின்று பார்ப்பாள்? நெஞ்சு ஒரு நொடி குறுகுறுத்தது. கல்யாணம்தான் முடிந்துவிட்டதே, பேரா போட்டிருக்கிறோம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஓஷ், பக்கத்திலிருக்கும் கராசூ, பெண்கள், இருபத்தைந்து முதல் அறுபது வரை என்று தேர்ந்தெடுத்துக் காசைக் கட்டினாள். அந்த வயசில் அந்த ஊர்களில் இருப்பவர்கள் வேறு யார்? கல்யாணச் சாப்பாட்டில் வரிசையாக உட்கார்ந்திருந்த சம்பந்திமார் அத்தனை பேரும்தான். அதைக்கூடவா அந்த மண்டை யோசிக்கவில்லை!

ஆர்டர் குவிந்தது. தொக்தோசுன்கூடக் கேலியை விட்டுவிட்டு மூட்டை தூக்கினான்.

தமாரா வீட்டில் தேநீர் விருந்துக்கு வந்திருந்த அவளுடைய நாத்தனார்க்காரி, ஃபோன் திரையைத் தள்ளிக்கொண்டே வந்தவள், சட்டென்று நிமிர்ந்து சுவரோரத்து அடுக்கைப் பார்த்திருக்கிறாள். ஃபோன் கைமாறிக் கைமாறிப் போயிருக்கிறது. கடைசியில் தமாரா கத்தரிக்கோலை எடுத்து, எல்லோர் முன்னாலும் ஒரு மெத்தையின் ஓரத்தைப் பிரித்தாள். சைகால் தேநீர்க் கிண்ணங்களோடு அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

இதையெல்லாம் சுலைகானுக்குச் சொன்னது புருல்சாதான். ரொட்டிக் கூடையை இறக்கி வைக்காமலே கொட்டகை வாசலில் நின்று சொன்னாள். சத்தம் போடவில்லை. அவள் ஒரு பாட்டம் திட்டியிருந்தால் சுலைகான் காலில் விழுந்திருப்பாள்.

"உன் கணக்குல சும்மா போட்டிருந்தா அவங்க பாத்திருக்க மாட்டாங்களாமே. சைகால் சொன்னா. காசு கட்டினாத்தான் அப்படி வருமாம். நெசமா?"

சுலைகான் தலையை மட்டும் ஆட்டினாள்.

"நான் உங்கிட்ட மறைக்கச் சொன்னேன். நீ காசு குடுத்துக் காட்டியிருக்க" என்று சொல்லிவிட்டுப் புருல்சா கூடையோடு போய்விட்டாள்.

சுலைகான் வீடியோவை அழித்தாள். அழித்து என்ன பயன், அது யார் யார் ஃபோனிலோ சேமித்துக் கிடந்தது. மன்னிப்புக் கேட்டு ஒன்று போடலாமா என்று கணவனிடம் கேட்டாள். "போடு. அதுக்கும் காசு கட்டு. தெரியாம விட்டுப்போன நாலு பேருக்கும் தெரிஞ்சிடும்" என்றான் அவன். அவன் சொன்னது நியாயம்தான். மெஷினை ஓடவிட்டால் அந்த நீலம்தான் கண்ணுக்குள் வந்து நின்றது. அவளுக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. அந்தப் பெண் இனி அந்த வீட்டில் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பாள்?

கடைசியில் புதுக் கம்பளி வாங்கி, அதே நீலத்தில் மெத்தைகள் தைத்து, டாக்சியில் ஏற்றிக்கொண்டு தமாரா வீட்டுக்கே போனாள். தப்பு முழுக்கத் தன்னுடையது, புருல்சா மேல் கோபப்படாதீர்கள், பழையதைக் கொடுத்துவிட்டு இதை வைத்துக்கொள்ளுங்கள் என்று கூனிக் குறுகிச் சொன்னாள். தமாரா முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு கேட்டாள். சைகால் கிண்ணத்தில் தேநீர் ஊற்றி வைத்தாள். இவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"இதெல்லாம் வேணாம், எடுத்துட்டுப் போங்க" என்றாள் சைகால். "அது என் அம்மா படுத்த கம்பளி. நான் அதுலயே படுத்துக்கறேன்."

சுலைகான் எழுந்தாள். தமாரா வாசல் வரைக்கும் கூடவே வந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"என் சின்னப் பொண்ணுக்கு வர்ற இலையுதிர் காலத்துல கல்யாணம். வீட்டுல என் மாமியார் காலத்துக் கம்பளி நிறையக் கெடக்கு. அதே மாதிரி அடிச்சுத் தருவியா? சம்பந்தி வீட்டுக்குத் தெரியக் கூடாது."

சுலைகானுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

"தரேன்க்கா. காசு வேணாம். ஆனா உள்ள வந்து உங்க மருமக முன்னாடி கேளுங்க."

"வீட்டு மருமக முன்னாடியா? எனக்கு மானம் இல்லையா?"

"அவளுக்கும் இருந்துச்சுக்கா. நான்தான் எடுத்துட்டேன். நீங்களும் நாலு பேர் முன்னாடி கத்திரிய வச்சீங்க."

தமாரா அவளையே வெறித்துப் பார்த்தாள். அடிக்கப் போகிறாளோ என்றுகூட சுலைகானுக்குத் தோன்றியது. பிறகு தமாரா கதவைத் திறந்து மருமகளைக் கூப்பிட்டாள். தரையைப் பார்த்துக்கொண்டே, விழுங்கி விழுங்கி, அதைக் கேட்டும் விட்டாள்.

சைகால் மாமியார் பக்கம் திரும்பினாள்.

"நல்லாத்தான் தைப்பாங்க அத்தை" என்றாள். "தைக்கும்போது அவங்க ஃபோன எடுக்காம நீங்க கூடவே உக்காந்து பாத்துக்கங்க."