அஞ்சலை அக்காவின் இரண்டு பைகள்

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு வேடிக்கை பார்த்தேன். ஒரு டாக்டர் இன்னொரு டாக்டரிடம் கையை நீட்டி, "நீங்கள்...?" என்று இழுத்தார். அவர் தன் பெயரைச் சொன்னார். "ஓ, நீங்கள்தானா அது!" என்று இவர் கையைக் குலுக்கினார்.

இதில் என்ன வேடிக்கை என்கிறீர்களா? இருவருக்கும் ஒரே ஆஸ்பத்திரி. ஒருவர் கீழ்மாடி, மற்றவர் மேல்மாடி. இருவரும் வருஷக்கணக்காக ஒரே பெண்ணுக்கு வைத்தியம் பார்த்து வருகிறவர்கள்!

எந்த ஆஸ்பத்திரி என்று கடிதம் போட்டுக் கேட்காதீர்கள். பேராக் மாநிலத்தில் ஏதோ ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெண் பெயர் தனம். என் பெரியப்பா மகள் அஞ்சலை அக்காவின் ஒரே பிள்ளை. சித்தியவான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருக்கிறார்கள். நான் ஈப்போவில் இருக்கிறேன். என்னிடம் ஒரு பழைய டட்சன் இருக்கிறது. சொந்தக்காரர்களில் எவனிடம் கார் இருக்கிறதோ அவனுக்கு எல்லா ஆஸ்பத்திரிக்கும் வழி தெரிந்திருக்க வேண்டும் என்பது எழுதாத சட்டம். அப்படித்தான் நான் இதில் மாட்டினேன்.

தனம் பிறக்கும்போதே சிக்கல். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் இழுத்துக்கொண்டே போன பிரசவம். பிள்ளை உடனே அழவில்லை. மூச்சுக்குத் தவித்த அந்த நேரத்தில் மூளையில் அடி பட்டுவிட்டது. கை கால்கள் இறுகிப் போயின. நடக்க மாட்டாள். பேச்சு இழுத்து இழுத்துத்தான் வரும். இங்கிலீஷில் செரிப்ரல் பால்சி என்கிறார்கள். தோட்டத்தில் அதற்குப் பெயர் கிடையாது. "அஞ்சலை மவ" என்றால் எல்லோருக்கும் புரிந்துவிடும்.

ஆனால் ஆள் கெட்டிக்காரி. அக்கா ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும்போது அவளை, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் பாய் போட்டு உட்கார வைத்துவிட்டுப் போவார். மற்ற பிள்ளைகளோடு பிள்ளையாக வந்தவள், வளர்ந்த பிறகு அங்கேயே காவலுக்கு ஆனாள். ஏதாவது குழந்தை சாக்கடைப் பக்கம் தவழ்ந்தால் போதும், இவள் போடுகிற கூச்சலில் ஆயா அடுப்பை விட்டு ஓடி வருவார்.

அப்படி இருந்தவள் சில வருஷங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிப் போனாள். எப்போதும் தூக்கம். தலை தொங்கும். வாயில் எச்சில் ஒழுகும். சோறு ஊட்டினால் புரையேறும். நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் படுப்பது மாதாந்திர வேலையாகிவிட்டது. பேச்சு நின்றே போனது. "அந்தச் சீக்கு அப்படித்தான், வயசு ஏற ஏற மோசமாவும்" என்றார்கள் தோட்டத்தில். ஆஸ்பத்திரியிலும் ஏறக்குறைய அதையேதான் இங்கிலீஷில் சொன்னார்கள்.

வீட்டில் வைத்துப் பார்க்க முடியாது, இப்படிப்பட்டவர்களை வைத்துப் பராமரிக்கும் 'ஹோம்' ஒன்றில் சேர்த்துவிடுங்கள் என்றும் சொல்லிவிட்டார்கள். அக்கா சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. ராத்திரி பகலாக அதே யோசனை.

இந்த நேரத்தில்தான் புதிதாக ஒரு சீன டாக்டரம்மா வந்து சேர்ந்தார். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். அவர் ஒரு கேள்வி கேட்டார். "மூளையில் பட்ட அடி பட்டதுதான். அது கூடவும் கூடாது, குறையவும் குறையாது. அப்படியானால் இந்தப் பெண் ஏன் கீழே கீழே போகிறாள்?"

நியாயமான கேள்வி. இத்தனை வருஷம் யாருக்கும் தோன்றாத கேள்வி!

"இவளைப் பார்க்கிற எல்லோரும் ஒரே அறையில் உட்காருவோம். ஹோம் விஷயத்தை அதற்குப் பிறகு பேசலாம்" என்றார். உட்கார்ந்தோம். வலிப்புக்கு மருந்து கொடுக்கிற குழந்தை டாக்டர். எலும்பு டாக்டர், சீக்கியர். கை கால்களுக்குப் பயிற்சி கொடுக்கும் ரொஹானி என்ற மலாய்க்காரப் பெண். மொழிபெயர்ப்புக்கு நான். அப்போதுதான் அந்தக் கைகுலுக்கல் நடந்தது.

முதலில் ரொஹானி பேசினார். பெண் ஒத்துழைப்பதே இல்லை, பயிற்சி நடுவிலேயே தூங்கிவிடுகிறாள், சோம்பேறித்தனம் என்றார். டாக்டரம்மா அக்கா பக்கம் திரும்பினார்.

"இவள் சாப்பிடுகிற மருந்தையெல்லாம் மேசைமேல் வையுங்கள், கக்காக்" என்றார். மலாயில் அக்கா என்று அர்த்தம்.

அக்கா மடியில் இரண்டு பை. ஒன்று கோடு போட்ட பிளாஸ்டிக் பை, இன்னொன்று பாசாருக்குக் கொண்டுபோகும் பிரம்புக் கூடை. இதை எடுக்கப் போனார், விட்டார். அதைத் தொட்டார், விட்டார். குழந்தை டாக்டரைப் பார்த்தார். சிங் டாக்டரைப் பார்த்தார். பிறகு என் காதோரம் வந்தார்.

"ரெண்டு பேரும் இருக்காங்களே தம்பி... எதத் தொறக்கிறது?"

எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தோட்டத்தில் மேனேஜர் பெரிய தொரை, அவருக்குக் கீழே உதவி மேனேஜர் சின்னத் தொரை. சின்னத் தொரை சொன்னதைப் பெரிய தொரை காதில் போடக் கூடாது. பெரிய தொரை சொன்னதைச் சின்னத் தொரையிடம் வாய் தவறியும் சொல்லக் கூடாது. சொன்னால் கோள் சொன்னதாக ஆகிவிடும். அவர்கள் இருவரும் பிறகு சேர்ந்துகொள்வார்கள், நடுவில் மாட்டிய கூலிக்காரன்தான் செத்தான். என் பெரியப்பா ஒரு தடவை அப்படி வாய் விட்டார். மறுநாளே அவருக்கு மேட்டுக்காட்டில் பால் வராத கிழட்டு மரங்களாகப் பார்த்து வெட்டக் கொடுத்துவிட்டார்கள். பாலை நிறுத்துத்தான் கூலி; வருஷக்கணக்கில் அதே மரங்கள். வீட்டில் அரிசிக்கே தட்டுப்பாடு. அஞ்சலை அக்கா அந்த வீட்டில் வளர்ந்தவர்.

டாக்டர் என்றால் யார்? தொரை மாதிரிதானே! அதனால் அக்கா ஒரு ஏற்பாடு செய்துகொண்டார். குழந்தை டாக்டர் கொடுக்கிற மருந்து பிளாஸ்டிக் பையில். அவரிடம் போகும்போது அந்தப் பை. எலும்பு டாக்டர் கொடுக்கிற மருந்து பிரம்புக் கூடையில். அவரிடம் போகும்போது அந்தக் கூடை. ஒருவர் பெயரை இன்னொருவரிடம் சொல்வதில்லை. இரண்டு பேர் சொன்னதையும் ஒரு வேளை தவறாமல் செய்வது. மரியாதை... வேறென்ன?

டாக்டர்களும் கேட்டதில்லை. ஆளுக்கொரு அட்டை, ஆளுக்கொரு கவுண்டர், வெளியே ஆளுக்கொரு நீள வரிசை. கேட்க எங்கே நேரம்?

அக்கா இரண்டு பையையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். அப்போது சக்கர நாற்காலியில் தொங்கிக்கொண்டிருந்த தலை மெல்ல அசைந்தது. தனத்தின் உதடு கோணியது. என்னவோ வர முயன்றது. நாங்கள் காத்திருந்தோம்.

"ரெ...ண்டும்... வை...ம்மா."

அக்காவுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டது. மகள் பேசி அவ்வளவு காலமாகிவிட்டிருந்தது. இரண்டு பையையும் மேசைமேல் கவிழ்த்தார்.

குழந்தை டாக்டர் கொடுத்தது வலிப்பு வராமல் இருக்க. சிங் டாக்டர் கொடுத்தது இறுகிய தசைகள் இளக. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் சரியான மருந்து. ஆனால் இரண்டுக்கும் தூக்கம் கூடப்பிறந்தது. சேர்த்துக் கொடுத்தால்? தனம் சோம்பேறியும் இல்லை, நோய் முற்றவும் இல்லை. அந்தப் பெண்ணைப் பாதி மயக்கத்திலேயே வைத்திருந்திருக்கிறோம். மயக்கத்தில் இருக்கிறவளுக்குச் சோறு புரையேறாமல் என்ன செய்யும்?

சிங் டாக்டர் ஒரு மாத்திரைப் பொட்டலத்தைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். ரொஹானி தனத்தின் பக்கத்தில் போய்க் குனிந்து, மெதுவாக மலாயில் மன்னிப்புக் கேட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. யார்மேல் என்று சொல்லத் தெரியவில்லை. அக்காமேல் கோபப்பட முடியுமா?

மருந்தைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வந்துவிடுமாம். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். யார் எதைக் குறைப்பது என்று இரண்டு டாக்டரும் தொலைபேசியில் பேசிக்கொண்டார்கள். அதுவே பெரிய முன்னேற்றம்! ரொஹானி ஒரு தாதியை அழைத்துக்கொண்டு தோட்டத்துக்கே போய், தலையை எப்படித் தாங்கிப் பிடித்து ஊட்டுவது என்று அக்காவுக்குக் காட்டிவிட்டு வந்தார்.

போன வாரம் மறுபடியும் அதே அறை, அதே ஆட்கள். தனம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். காரில் வரும் வழியெல்லாம் நான் பிரேக் போடுகிற விதத்தைக் குறை சொல்லிக்கொண்டே வந்தாள். நெஞ்சில் சளி இல்லை. குழைத்த சோறு புரையேறாமல் இறங்குகிறது.

எல்லாம் சுபம் என்று இங்கே முடித்துவிடலாம். ஆனால் வாழ்க்கை என் பத்திரிகைப் பத்தியைப் போல் ஒரு பக்கத்தில் முடிவதில்லையே.

குழந்தை டாக்டர் சங்கடத்தோடு ஆரம்பித்தார். தனம் குழந்தை வயதைத் தாண்டிவிட்டாள், இனி குழந்தைகள் பிரிவில் பார்க்க விதி இடம் கொடுக்காது என்றார். அப்படியானால் எங்கே போவது? பெரியவர்கள் பிரிவில் இந்த நோய்க்கென்று யாரும் இல்லை. இது பிள்ளைகளின் நோயாம்! பிள்ளைகள் வளர மாட்டார்களா? வளர்ந்ததும் கை கால் தானாக நீண்டுகொள்ளுமா? எலும்பும் வளரும், வலியும் வளரும், பெற்றவர்களுக்கு வயதும் ஏறும். சாகும்வரை கூட இருக்கிற நோய்க்குப் பள்ளிக்கூடம் மாதிரி வகுப்பு முடித்து அனுப்பிவிட்டால் எப்படி?

"நான் இருக்கிறவரை இந்த அறையில் வயசு கேட்க மாட்டோம்" என்றார் டாக்டரம்மா. நல்ல வார்த்தை. ஆனால் அவரையே வேறு ஊருக்கு மாற்றிவிட்டால்?

அடுத்து அந்தப் பழைய விஷயம் வந்தது. ஹோமில் ஒரு இடம் காலியாகியிருக்கிறது, இப்போது விட்டால் மறுபடி எப்போது கிடைக்கும் என்று தெரியாது, முடிவைச் சொல்ல வேண்டும்.

அக்கா என்னைப் பார்த்தார். "இவதான் இப்ப நல்லாருக்காளே தம்பி. எப்படி அனுப்புறது? ஆனா எனக்கும் வயசாவுதுலா... எனக்கப்புறம் இவள யாரு பாப்பா? தூக்கி உட்கார வைக்கக்கூட ஆளு வேணுமே."

ஒவ்வொருவரும் ஒன்று சொன்னார்கள். இப்போதே சேர்த்தால் பழகிக்கொள்வாள் என்றார் ஒருவர். வீட்டில் இருந்தால்தான் பேச்சு வளரும் என்றார் இன்னொருவர். இரண்டும் நியாயம். நான் இங்கிலீஷுக்கும் தமிழுக்கும் மாறி மாறி ஓடிக்கொண்டிருந்தேன். நடுவில் டாக்டரம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"அவளைக் கேளுங்கள்" என்றார்.

கேட்டேன். "தனம், நீ என்னம்மா சொல்ற?"

தனம் உடனே பதில் சொல்லவில்லை. அவளால் முடியாது. வார்த்தை ஒவ்வொன்றும் தொண்டையிலிருந்து கிளம்பி வாய்க்கு வர நேரம் பிடிக்கும். முதல் முறையாக அந்த அறையில் யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"அம்மா... இருக்கிற வரைக்கும்... வீடு. அப்புறம்... போறேன்."

அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். நான் மொழிபெயர்க்க வாயெடுத்தேன். தனம் என்னை முறைத்தாள். இன்னும் முடியவில்லை என்று அர்த்தம்.

"ஆனா மாமா... அந்த எடத்த... இவங்க யாராச்சும்... போய் பாத்திருக்காங்களா?"

மொழிபெயர்த்தேன். குழந்தை டாக்டர் சிங் டாக்டரைப் பார்த்தார். அவர் ரொஹானியைப் பார்த்தார். ரொஹானி டாக்டரம்மாவைப் பார்த்தார். யாரும் பார்த்ததில்லை. ஒருவர்கூட!

"நான்... பாக்கணும். சோறு... எப்படின்னு... தெரியணும்லா."

முதலில் சிரித்தது சிங் டாக்டர்தான். பிறகு எல்லோரும். இடத்தை இன்னொருவருக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டார்கள். வருகிற வியாழக்கிழமை எல்லோருமாக அந்த ஹோமுக்குப் போகிறோம், பின்னால் ஒரு நாள் தனம் இருக்கப்போகிற இடம் எப்படி என்று பார்க்க.

என் டட்சனில் முன் சீட்டு தனத்துக்கு. டாக்டர்கள் பின்னால் நெருக்கிக்கொண்டு உட்காரட்டும்.